நெப்டியூன் வாசல்

அறிவியல் மன்றத்தார் சூரியக் குடும்பத்தை ஊர் நீளத்துக்குச் சுருக்கி நட்டார்கள். ஆளுயரச் சூரியன் பேருந்து நிலையத்தில் நின்றது. எலுமிச்சை அளவிலான நீல நெப்டியூன், ஊர்க்கோடியில் சென்னியப்பன் வீட்டு வாசலில் ஒரு கம்பத்தின் மேல் உட்கார்ந்தது. அதை ஒட்டிய அவர் வீட்டு வேலியில் 'வீடு விற்பனைக்கு' என்ற பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

"சொந்தக்காரங்களே இவ்வளவு தூரம் வாரதில்ல. இதப் பாக்க எவன் வரப்போறான்?" என்றார் சென்னியப்பன், மனைவி துளசிமணியிடம்.

ஒரு மத்தியானம், வியர்த்து வழிய ஒரு பெண்ணும் அவள் கணவனும் வந்து கம்பத்தைத் தொட்டார்கள்.

"கூட வந்தவங்க வியாழனோட திரும்பிட்டாங்க. சனிக்கும் யுரேனஸுக்கும் நடுவுல ஒரு டீக்கடைகூட இல்லீங்க," என்றாள் அந்தப் பெண்.

துளசிமணி சொம்பு நிறைய மோர் கொண்டுவந்தாள். கணவன் கம்பத்தில் இருந்ததை வாசித்தான்: "சூரிய ஒளி இங்கே வந்துசேர நான்கு மணி நேரம் ஆகும்."

"அப்போ நாமதான் முந்தி வந்துட்டோம்," என்றாள் அவள். நால்வரும் சிரித்தார்கள்.

அவர்கள் போனதும் சென்னியப்பன் பலகையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இதுல என்ன எழுதலாம்?"

"மோர் இருக்குன்னு எழுதுங்க," என்றாள் துளசிமணி.