பல் டாக்டர் கேட்ட கவிதை

கவிஞர் சொந்தக் காசில் போட்ட கவிதைப் புத்தகம் கட்டுக் கட்டாகக் கட்டிலுக்கடியில் தூங்கியது. விளம்பரத்துக்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சனிக்கிழமைதோறும் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போய், வெளியே காத்திருப்பவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். ஒரு பிரதிகூட விற்கவில்லை.

நாலாவது வாரம் டாக்டரே உள்ளே கூப்பிட்டார். இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே கவிஞர் போனார்.

"சார், தினமும் வந்து படிக்க முடியுமா?"

கவிஞருக்குத் தலைகால் புரியவில்லை. "அவ்வளவு ரசிக்கிறாங்களா டாக்டர்?"

"முன்னெல்லாம் பல்லைப் பிடுங்கப் பயந்துகிட்டு, 'நீங்க முதல்ல போங்க'ன்னு ஆளாளுக்கு வழி விடுவாங்க. நீங்க படிக்க ஆரம்பிச்சதுலேருந்து, 'என்னை முதல்ல கூப்பிடுங்க'ன்னு கதவுகிட்ட ஒரே தள்ளுமுள்ளு சார்."