வாளிக்குள் ஒரு ஜப்பான் மீன்

“ஐயோ, மூச்சு இருக்கா பாருங்க!”

பின் சீட்டுக் கூச்சலில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நல்லதண்ணியிலிருந்து ஹட்டனுக்குப் போகும் சீசன் பஸ். சிவனொளிபாத மலை ஏறி இறங்கியவர்கள், காலெல்லாம் வலியும் மனமெல்லாம் பக்தியுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

இராசமணி எட்டிப் பார்த்தாள். மஸ்கெலியாவில் ஏறிய சின்னராசா என்ற இளைஞனின் மடியில் ஒரு வாளி. அதற்குள் ஜப்பான் மீன் என்று ஊரில் சொல்லும் முழங்கை நீளத் திலாப்பியா ஒன்று சாய்ந்துகிடந்து வாயைப் பிளந்தது. வளைவுகளில் முக்கால்வாசித் தண்ணீர் சிந்திப்போயிருந்தது.

“எப்பிடியாச்சும் டிக்கோயாவுக்கு உசிரோட போகணுங்கக்கா. செத்த மீனுன்னா எங்க மாமியா தொடவே மாட்டாங்க” என்றான், அழாக்குறையாக.

இந்தக் காலத்திலும் இப்படி ஒரு புண்ணியவதியா! இராசமணிக்கு நெஞ்சு உருகிவிட்டது. ஒரு மாதம் கவிச்சி தொடாமல் விரதமிருந்து மலையேறியவள், கண்ணெதிரே ஓர் உயிர் போக விடுவாளா?

“டிரைவரண்ணே, ரோட்டோரம் தண்ணி கொட்டுற பீலி கண்ட எடத்துல நிப்பாட்டுங்க, தண்ணி புடிக்கணும்!”

“நிப்பாட்டுனா ஹட்டன்ல ரயிலு போயிருங்க.”

மற்றவர்களின் போத்தல்கள் மலையிலேயே காலி. மிச்சமிருந்தது இராசமணியின் பையிலிருந்த தீர்த்தம் மட்டுந்தான். வீட்டாருக்கென்று பொத்திப் பொத்திக் கொண்டுவந்தது. ஒரு கணம் தயங்கினாள்.

“சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது” என்று மொத்தத்தையும் வாளியில் கவிழ்த்தாள்.

“கோப்பையால மொண்டு ஒசரத்துலருந்து ஊத்துங்கக்கா, தண்ணிக்குள்ள காத்து போகும்!” என்று சின்னராசா ஒரு கோப்பையை நீட்டினான்.

பிளேன்டீ ஆற்றுவதுபோல் ஆற்றினாள். நோர்வூட்டில் கை கடுத்தது. பக்கத்து சீட்டுக்காரர் கோப்பையை வாங்கினார், அவரிடமிருந்து கண்டக்டர் வாங்கினார்.

டிக்கோயா நெருங்கும்போது மீன் நிமிர்ந்து வாலால் ஓர் அடி அடித்தது. இராசமணியின் முகமெல்லாம் தண்ணீர். பஸ் முழுக்க “அரோகரா!” சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

“கோயில் தொட்டியில விடப்போறீங்களா தம்பி, இல்ல வீட்டுலயே வளக்கப்போறீங்களா?” என்று இறங்கப்போனவனைக் கேட்டாள்.

சின்னராசா வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

“நீங்களும் வாங்கக்கா, ஒரு மணித்தியாலத்துல கொழம்பு கொதிச்சிரும்!”