மீசைக்காரரின் மொழிபெயர்ப்பு

“அவளால முடியாதுங்க மேடம். தனியா இருக்கணும்னாலே பயந்து நடுங்குவா” என்றார் மீசைக்காரர்.

பக்கத்து நாற்காலியில் மகள் முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தாள். அவள் விரல்கள் சற்று முன்னால் சொன்னது இதுதான்: “தனியா இருக்கறது எனக்குப் பழக்கம். அப்பா வெளியூர் வேலைக்குப் போனா, வீட்டுக்கு நான்தான் காவல்.”

மகளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. மாற்றுத்திறனாளி மாணவர்களை வெளிநாட்டுக் கல்லூரிக்கு அனுப்பி, முழுச் செலவையும் ஏற்றுக்கொள்ளும் அறக்கட்டளை அது. அவள் போவதும் போகாததும் இன்றைய நேர்முகத் தேர்வில்தான் இருக்கிறது.

மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. எல்லாருக்கும் ஒரே கேள்விகள் என்பதால் அவற்றை அட்டைகளில் அச்சடித்து வைத்திருந்தார். ஓர் அட்டையை நகர்த்துவார், பதிலைக் கவனிப்பார், குறித்துக்கொள்வார்.

மீசைக்காரரை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி, பேங்க், பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் மகளுக்காகப் பேசியே பழகியவர். முதல் அட்டை வந்ததும் குரல் தானாக முன்னே போய்விட்டது. போனதுதான் போனது, பொய்யையும் கூடவே கூட்டிக்கொண்டு போனது.

மனைவி போன பிறகு அவருக்கு என்று இருப்பது இவள் ஒருத்திதான். பின்னால் வரும் வண்டியின் ஹாரன்கூடக் கேட்காதவளைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு, இங்கே எப்படிச் சோறு இறங்கும்? போகாதே என்று அவரே சொன்னால் பிள்ளை மனசு உடைந்துவிடும். அந்தப் பாவத்தை இந்த அம்மா கட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தார்.

மகளிடம் மாட்டிக்கொள்ளும் பயமில்லை. உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வதில் அவள் கெட்டிக்காரிதான். ஆனால் அப்பாவின் புதர் மீசைக்கு முன்னால் மட்டும் அவள் பாச்சா பலிக்காது. “அதை எடுத்துத் தொலைங்கப்பா, ஒரு வார்த்தை தெரியல” என்று வருஷக்கணக்காகச் சண்டை.

அடுத்த அட்டை நகர்ந்தது. ‘விடுதியில் தீப்பிடித்தால் உனக்கு எப்படித் தெரியும்?’

மகளின் விரல்கள் பறந்தன. “மெயில் போட்டுக் கேட்டுட்டேன். ரூம்ல மின்னற லைட் வச்சுத் தர்றாங்க. தூங்கும்போது தலையணை அதிருமாம். குளிக்கற இடத்துலயும் ஒரு லைட் வேணும்னேன், சரின்னுட்டாங்க. எங்கப்பா எலக்ட்ரீஷியன். காலிங் பெல் அடிச்சா லைட் எரியற மாதிரி எங்க வீட்டுல எப்பவோ செஞ்சு வச்சுட்டாரு.”

சொல்லிவிட்டு அப்பாவைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள். மீசைக்காரர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

“தூங்கிட்டா உலகமே தெரியாதுங்க மேடம். நான்தான் தட்டி எழுப்பணும்.”

அந்த நேரம் பார்த்து வராந்தாவில் யாரோ இரும்பு ஏணியைக் கீழே போட்டார்கள். தடாலென்ற சத்தத்தில் மீசைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். எழுதிக்கொண்டிருந்த அந்த அம்மாவின் பேனாகூட நிற்கவில்லை. அழுத்தமான ஆள், இவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நினைத்தபடி உட்கார்ந்தார்.

கடைசி அட்டை வந்தது. ‘அங்கே போவதில் உனக்கு ஏதாவது பயம் உண்டா?’

இதற்கு மட்டும் மகள் முதலில் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு விரல்கள் மெல்ல அசைந்தன. “ஒண்ணே ஒண்ணுதான். அப்பா தனியா இருப்பாரு. நேரத்துக்குச் சாப்பிட மாட்டாரு.”

அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு மீசைக்காரரையே பார்த்தார். இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம். வாயைத் திறந்தார்.

“அவளுக்குப் போகவே இஷ்டமில்லைங்க. நான் சொன்னேன்னுதான் வந்திருக்கா” என்றார்.

அந்த அம்மா கதவைக் காட்டி, அவரை மட்டும் வெளியே இருக்கும்படி கைகாட்டினார்.

வராந்தா பெஞ்சில் வந்து விழுந்தார். நினைத்தது நடந்துவிட்டது, ஆனால் நிம்மதிதான் வரவில்லை. பெற்ற பிள்ளையின் வாயிலேயே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே என்று உடம்பெல்லாம் கூசியது. உள்ளே போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடலாம் என்று எழுந்தார். உடனே உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்து கதவில் கை வைக்கப் போனபோது அதுவே திறந்தது.

மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பிறகு விலகி நின்று, “கிடைச்சிருச்சுப்பா!” என்று விரல்களால் கூவினாள்.

அவர் கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “எப்படி?” என்று மட்டும் காட்டினார்.

“மார்க் போட்டு முடிக்கற வரைக்கும் அட்டையில இருக்கறதைத் தவிர எதுவும் பேசக்கூடாதாம், அது அவங்க ரூல்ஸாம். நீங்க வெளிய வந்ததும் ஒரே அரட்டைதான். அவங்களும் அதே காலேஜ்லதான் படிச்சாங்களாம்! உங்களைப் பத்திக்கூடக் கேட்டாங்க.”

மீசைக்காரர் அவசரமாகக் கைகாட்டினார். “என்ன கேட்டாங்க?”

“உங்கப்பா உனக்காக சாமியை வேண்டிக்கிட்டே இருந்தாரான்னு. மீசை ஆடிக்கிட்டே இருந்துச்சாம். நானும் ஆமான்னுட்டேன்.”

“வேண்டிக்கிட்டேனா? நான் அவங்ககிட்டதானேம்மா பேசிக்கிட்டிருந்தேன்!”

மகள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

“போங்கப்பா, அவங்களுக்கும் காது கேட்காது.”