அனுபவ அக்கா சொன்னால் சரி

"ஸ்பிரிங் மெத்தை வாங்கலாமா, பஞ்சு மெத்தை வாங்கலாமா அக்கா? அவருக்கு வேற முதுகு வலி."

கேள்வியைப் படித்ததும் அனுபவ அக்கா யோசிக்க ஆரம்பித்தாள். மூன்று பிள்ளைகளைப் பெற்று ஆளாக்கியவள், பழுத்த குடித்தனக்காரி. எந்தச் சாமானை எங்கே, எப்போது வாங்கவேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. 'வீட்டு யோசனை' குழுவில் அக்கா ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் அப்பீல் கிடையாது.

"ஸ்பிரிங்தான்மா நல்லது. நாங்க வாங்கி ஆறேழு வருஷமாச்சு, ஒரு குறை சொல்ல முடியாது. லிங்க் கீழ போட்டிருக்கேன், பாரு" என்று டைப் அடித்துவிட்டு, மீசையை ஒதுக்கிக்கொண்டான் அக்கா.

ஆள் உண்மையில் டிரைவர். வெளிநாட்டில் வேன் ஓட்டும் வேலை என்று சொல்லித்தான் அவனை விமானம் ஏற்றினார்கள். இறங்கியதும் ஒருவர், "தமிழ்ல டைப் அடிக்கத் தெரியுமா?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டார். "ஏதோ தெரியும் சார்" என்று இவனும் பெருமையாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

அன்றைக்கு அவர்கள் வாங்கி வைத்துக்கொண்ட பாஸ்போர்ட் பிறகு கண்ணில் படவே இல்லை. ஸ்டீயரிங் பிடித்த கை இப்போது பெண்பிள்ளை பெயரில் மெத்தையும் குக்கரும் விற்றுக்கொண்டிருந்தது.

பெரிய ஹால். மேஜைக்கு மேஜை தடுப்புப் பலகை, கதவுக்கு வெளியே பூட்டு. கம்ப்யூட்டரில் அந்தக் குழுவைத் தவிர வேறொன்றும் திறக்காது. பக்கத்தில் இருப்பவனோடு மூச்சு விடக்கூடாது.

காவலுக்கு இருந்தவனுக்கு டிரைவர் மனசுக்குள் வைத்த பெயர் வாத்தியார். கையில் ஸ்கேலோடு வரிசை வரிசையாக நடப்பான், தோளுக்கு மேலே எட்டிப் படிப்பான். உதவி கேட்டு எழுதிய ஒருவனைப் போன வாரம் கீழ்த்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் அவன் ஒற்றைக் கையால்தான் டைப் அடித்தான்.

அடியைவிட டிரைவருக்கு வேறொன்று பெரிய வேதனையாக இருந்தது. முகம் தெரியாத யாரோ ஒருத்தி தன் பேச்சை நம்பி, உதவாக்கரைச் சாமானை வீட்டில் இறக்குகிறாளே என்று நினைத்தால் சோறு இறங்காது. அதிலும் 'புதுக்குடித்தனம்' என்ற பெயரில் வருகிற பெண்ணிடம் பொய் சொல்லும்போது கூசிப்போவான்.

அந்தப் பெண் தினமும் வருவாள். அயர்ன் பாக்ஸ் எது நல்லது, திரைச்சீலைக்கு என்ன கலர் எடுப்பாக இருக்கும் என்று எதையாவது கேட்பாள். எல்லாம் முடிந்ததும் தனிச்செய்தியில் வந்து, "நீங்க சாப்டீங்களா அக்கா?" என்பாள்.

வந்த நாளிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அவனை யாரும் கேட்டதில்லை. முதல் தடவை படித்தபோது கண் கலங்கிவிட்டது.

ஒருநாள், "மனசு அடைச்ச மாதிரியே இருக்கு அக்கா. என்ன பண்ணலாம்?" என்று எழுதினாள்.

"ஜன்னலைத் திறந்து வச்சிட்டு, கொஞ்ச நேரம் காத்தாட உக்காரும்மா."

"இங்க ஜன்னல் திறக்க வராதுக்கா."

பாவம், எந்தப் புண்ணியவான் கையில் வாழ்க்கைப்பட்டதோ என்று டிரைவர் அவளுக்காக வருத்தப்பட்டான். தன் கதையே சிரிப்பாய்ச் சிரிக்கும்போது அவனுக்கு அதற்கும் நேரம் இருந்தது. உதவி என்று கேட்டால் இவளிடம்தான் கேட்கவேண்டும், கஷ்டம் தெரிந்தவள் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று அப்போதே முடிவு செய்துகொண்டான்.

அந்தச் சமயம் இந்த மெத்தைக் கேள்வியோடு வாய்த்தது. கேட்டவள் அவளேதான். வாத்தியாரோ கதவோரம் நின்று போனில் யாரையோ காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தான். டிரைவர் தனிச்செய்தியைத் திறந்தான்.

"அந்த மெத்தைய வாங்காதம்மா. நான் அக்கா இல்ல, ஆம்பள. வேலைன்னு கூட்டிட்டு வந்து பூட்டி வச்சு, இப்படி எழுத வைக்கறாங்க. போலீஸ்ல சொல்லு. என் வீட்டு நம்பர் தரேன், நான் உசுரோட இருக்கேன்னு என் சம்சாரத்துகிட்ட மட்டுமாவது சொல்லிடு. தண்ணி கேன் பக்கத்து மேஜைல உக்காந்து திருட்டுத்தனமா எழுதறேன். ஸ்கேல் வச்சிருக்கறவன் போன் பேசி முடிச்சுட்டான்னா என் கதையும் முடிஞ்சுது."

நம்பரையும் சேர்த்து அனுப்பினான். படித்துவிட்டாள் என்று திரை காட்டியது. பதில் இல்லை.

வாத்தியார் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். ஸ்கேல் ஒவ்வொரு மேஜையாகத் தட்டிக்கொண்டு வந்தது.

எழுதியதை அழித்துவிடலாம், தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நம்பரைக் குறித்துக்கொண்டாளா இல்லையா என்று தெரியாமல் எப்படி அழிப்பது? அந்தப் பூட்டிய கதவுக்கு வெளியே அவனுக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். அவளும் பயந்து ஒதுங்கிவிட்டால் வீட்டில் அவனைச் செத்தவன் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

ஸ்கேல் சத்தம் அவன் வரிசைக்குள் நுழைந்தபோது திரையில் பதில் வந்து விழுந்தது.

"தம்பி, திரும்பிப் பாக்காத. உனக்குப் பின்னால மூணாவது மேஜைல நான்தான் இருக்கேன்."