பன்னிரண்டாவது மூட்டை

"கக்கூஸ் தண்ணியிலேர்ந்து எடுத்ததை என் நிலத்துல கொட்டமாட்டேன். வேற யாருக்காவது குடுங்க."

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில், அத்தனை விவசாயிகள் முன்னாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு இப்படிச் சொன்னவரை எல்லோரும் கறார்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆய்வகத்துப் பெண்ணுக்கு முகம் சுண்டிப்போனது.

பின்னே, எட்டு மாத உழைப்பு. குழாய்க்குள் படிந்து அடைத்துத் தொல்லை கொடுக்கும் வெள்ளைக் கல்லில் பயிருக்கு வேண்டிய பாஸ்பரஸ் இருக்கிறது என்று மேலதிகாரியிடம் மன்றாடி, அதைக் குருணையாகப் பிரித்தெடுத்து, கழுவி, காயவைத்து, சோதித்து, பன்னிரண்டு மூட்டை தேற்றியிருந்தாள். பன்னிரண்டு பேரைக் குலுக்கலிலும் எடுத்தாகிவிட்டது. இவர்கள் வாங்கிப் போனால்தான் திட்டம் பிழைக்கும். இல்லாவிட்டால் ஊற்றி மூடிவிடுவார்கள்.

ஒரு பிடி அள்ளித் தானே முகர்ந்து காட்டினாள். உங்கள் மண்ணில்கூட இந்தச் சத்து குறைவுதான் என்று பரிசோதனைத் தாளை நீட்டினாள். மனுஷர் அசைந்துகொடுக்கவில்லை.

நல்லவேளை, மற்றவர்கள் அவர் பேச்சைக் காதில் வாங்கவில்லை. பதினோரு மூட்டைகள் மளமளவென்று போய்விட்டன. மிஞ்சிய ஒன்றுக்கு, வாசலில் ஒட்டியிருந்த காத்திருப்புப் பட்டியலில் முதல் ஆள் யாரென்று பார்த்தால், கறார்க்காரரின் சொந்தத் தம்பி. கிணற்றுப் பங்குத் தகராறில் நாலு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

தம்பி ஓடிவந்து மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "சில பேருக்கு மூக்கு மட்டும்தான் பெருசு" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டும் போனார். கூட்டம் சிரித்தது. அவளுக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு கதவைச் சாத்தப் போனாள். கறார்க்காரர் திரும்பி வந்து நின்றார்.

"ஏம்மா, ஒரு ஏக்கருக்கு எவ்வளவு போடணும்னு என் தம்பிக்கு எழுதிக் குடுத்தியா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அத்தனை பேர் முன்னால மூக்கைப் பொத்துனீங்க. இப்ப உங்களுக்கு எதுக்கு ஐயா அந்தக் கணக்கு?"

"அவன் அவசரக்காரன்மா. கேக்காம அள்ளிக் கொட்டிருவான். போன தடவை மக்காச்சோள இலையெல்லாம் ஊதாவாப் போய், கதிரே பிடிக்கல. இந்தத் தடவையும் போச்சுன்னா நிலத்தை வித்துருவான்."

இலை ஊதாவானால் பாஸ்பரஸ் குறைவு என்று அவளுக்குத் தெரியாதா? கோபம் போன இடம் தெரியவில்லை.

"அப்ப, என் மூட்டையைத் தம்பிக்கே குடுங்கன்னு சொல்லியிருக்கலாமே ஐயா?"

கறார்க்காரர் குனிந்து, தரையில் சிந்தியிருந்த குருணையை ஒன்றுவிடாமல் பொறுக்கி அவள் கையில் கொடுத்தார்.

"நான் குடுத்தேன்னு தெரிஞ்சா தொடமாட்டான்மா. நான் சீன்னு சொன்னாத்தான் ஓடிவந்து எடுப்பான். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."