முதிர்ந்துபோன முட்டைகள்

சியோல் குளோனிங் ஆய்வகத்தில் இம்முறையும் ஒரு பன்றிக்கருகூட வளரவில்லை. நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்த ஆராய்ச்சி மாணவி சுக்யோங்குக்குக் கண்கள் எரிந்தன.

"பழுத்த கருமுட்டை சும்மா கிடந்தா கிழடாயிடும். அப்புறம் அதுல எந்தக் கருவும் வளராது" என்றார் பேராசிரியர் நாம். "பண்ணையிலருந்து முட்டை கொண்டு வர்ற டோக்சு வழியெல்லாம் நூடுல்ஸ் கடையில உட்கார்ந்துட்டு வர்றான். இன்னொரு தடவை தோத்தா அவனுக்கு வேலை கிடையாது."

சுக்யோங் தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த முறை கருக்கள் மளமளவென்று வளர்ந்தன. பேராசிரியர் நாம் வீட்டிலிருந்து போனில் கூப்பிட்டார்.

"மிரட்டினதும் நேரத்துக்கு வந்துட்டான் பாத்தியா?"

"டோக்சு அண்ணன் எப்பவும் வர்ற நேரத்துக்குத்தான் வந்தாரு, சார்."

"அப்ப என்னதான் மாத்தினீங்க?"

பொய் சொல்லக்கூட அவளுக்கு அலுப்பாக இருந்தது.

"முதல் முட்டையில நீங்க வந்து ஊசி போட்ட பிறகுதான் நாங்க ஊசியை எடுப்போம். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்போம். அன்னிக்கு நீங்க காய்ச்சல்ல படுத்துட்டீங்க. முட்டை வந்த உடனே ஆரம்பிச்சுட்டோம்."

மறுமுனையில் இருமல் கேட்டது.

"டோக்சுகிட்ட எதுவும் சொல்லிடாதே" என்றார் பேராசிரியர். "அடுத்த தடவையும் எனக்குக் காய்ச்சல்னு வெச்சுக்கோ."