நீல ஜக்கின் கைப்பிடி

நீலக் கண்ணாடி ஜக்கை அவள் கைக்குழந்தைபோல் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். கைப்பிடியைத் தொடவே இல்லை.

பிறகு வெளியே போய், சக்கர நாற்காலியில் இருந்த அப்பாவைத் தள்ளிவந்து நிறுத்தி, பிரேக்கைப் போட்டாள். அவர் கடைவாயைத் துடைத்துவிட்டாள்.

எந்தப் பட்டறை செய்தது, எத்தனை வயது என்று தெரிய வேண்டுமாம். அம்மாவின் சாமான்களில் மிஞ்சியது இது ஒன்றுதானாம்.

எனக்கு இதுதான் பிழைப்பு. பழைய வண்ணக் கண்ணாடி கொண்டுவருகிறவர்கள் கூடவே ஒரு கதையும் கொண்டுவருவார்கள். கதையை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவேன். ஒரே ஒரு கேள்வி மட்டும் எல்லோரிடமும் கேட்பேன். எங்கேயாவது உடைந்து ஒட்டியதா?

அவள் குரலைத் தணித்தாள். "கைப்பிடி கழண்டுபோச்சுங்க. அப்பாதான் ஒட்டி வெச்சாங்க. என்னாலதான்."

அப்போது அவளுக்கு ஏழு வயது. காலையில் கழுவும்போது ஜக்கைக் குழாயில் இடித்துவிட்டாள். திட்டு விழுமே என்று மூச்சு விடவில்லை. பள்ளிவிட்டு வந்தால், அம்மா மாடிப்படியின் அடியில் கிடக்கிறாள். தண்ணீர் ஜக்கோடு ஏறும்போது விழுந்துவிட்டாள் என்றாராம் அப்பா. வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை.

அழுதுகொண்டே அவரிடம் குழாய் விஷயத்தைச் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதனால்தான் கைப்பிடி அம்மா கையோடு வந்துவிட்டது என்றார். யாரிடமும் சொல்லாதே, அப்பா பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். ஜக்கு அலமாரியின் உச்சிக்குப் போனது. ஒட்டியது, தொடாதே.

அந்த நன்றிக்காகக் கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளாமல் நாற்பது வருஷமாக அவரைத் தாங்குகிறாள்.

நான் உச்சுக்கொட்டிவிட்டு ஜக்கைக் கவிழ்த்தேன்.

அடியில், செய்யும்போது பிடித்திருந்த இரும்புக் கம்பியிலிருந்து ஒடித்தெடுத்த வட்டத் தழும்பு. கைப்பிடியைச் சூட்டோடு மேலே பதித்துக் கீழே இழுத்திருந்தார்கள். பிற்காலத்தில் அதைக் கீழிருந்து மேலே பதிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதன் கீழ் முனையை இரண்டு தரம் மடித்து அழுத்தியிருந்தார்கள். அப்படி மடிப்பவர்கள் பழைய துறைமுகப் பட்டறைக்காரர்கள் மட்டும்தான். நூற்றைம்பது வயதுக்குக் குறையாது.

புற ஊதா விளக்கைப் பிடித்தேன். பசை இருந்தால் வெளுத்து மினுங்கும். எதுவும் மினுங்கவில்லை. லென்ஸில் பார்த்தேன். செய்யும்போதே கொதிக்கக் கொதிக்க உருகிச் சேர்ந்த இடம். மயிரிழை விரிசல் இல்லை.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை பழைய ஜக்கு முழுசாகக் கிடைப்பது குதிரைக் கொம்பு.

"நல்ல சேதிம்மா! இந்தக் கைப்பிடி செஞ்ச நாள்லேருந்து கழண்டதே இல்ல."

அவள் ஜக்கின் மூக்கைத் தடவினாள். அங்கே அரிசியளவு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. குழாயில் இடித்த இடம். அதே ஜக்குதான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் நாக்கை அறுத்துப் போடலாம்போல் இருந்தது.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கைப்பிடிக்குள் நான்கு விரல்களையும் நுழைத்து ஜக்கைத் தூக்கினாள். பலமாக ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். அதைப் பிடித்தபடியே வெளியே நடந்தாள்.

கிழவர் அவளைக் கூப்பிடுவார் என்று பார்த்தேன்.

"அந்த வெளக்க அணைச்சிடுங்க" என்றார் என்னிடம்.

அவர் நாற்காலியின் பிரேக் அவள் போட்டபடியே இருந்தது.